பாத எரிச்சலும் ‘எல்லாம் இயல்பு’ என்ற அறிக்கையும்

கேட்பவர்: செம்பவாங் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. சிங்கப்பூரில் ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். ஐந்து மாதங்களாக, இரவு பத்து மணிக்கு மேல் இரு பாதங்களும் தணலில் வைத்ததுபோல் எரிகின்றன. போர்வையின் நுனி பட்டாலும் பொறுக்க முடிவதில்லை. பகலில் கெண்டைக்காலில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வும், சில நாள்களில் வலக்கை விரல் நுனிகளில் மரமரப்பும் வருகின்றன. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) சர்க்கரையும் தைராய்டும் பார்த்தார்கள். இரண்டும் சரியாக உள்ளன. மருத்துவமனையில் செய்த நரம்புக் கடத்தல் பரிசோதனையும் இயல்பு என்றே வந்தது. நரம்பியல் நிபுணரை அடுத்துச் சந்திக்க இன்னும் ஒன்பது வாரங்கள் உள்ளன. அறிக்கை நல்லபடியாக வந்ததற்கு மகிழச் சொல்கிறார் கணவர். மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டுவிட்டார். எனக்கோ, இன்ன நோய் என்று யாராவது சொல்லிவிட்டால்கூட நிம்மதியாக இருக்கும்போல் தோன்றுகிறது. இப்படி நினைப்பது தவறா? இந்த ஒன்பது வாரங்களை எப்படிக் கடப்பது?

மறுமொழி: பிடோக்வாசி

சகோதரி, அதில் தவறே இல்லை. விடை தெரியாமல் ஒன்றரை ஆண்டு காத்திருந்தவன் நான். முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாமே என்று நான் வருந்திய செய்தி ஒன்று உண்டு. நீங்கள் செய்துகொண்ட பரிசோதனை, தோல்மீது மின்முனைகளை ஒட்டி, தடித்த நரம்பிழைகளில் மின்துடிப்பு எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்பதை அளப்பது. எரிச்சலையும் சூடு குளிரையும் மூளைக்கு எடுத்துச் செல்பவை மெல்லிய இழைகள். அவை அந்தக் கருவிக்குத் தென்படுவதில்லை. ஆகவே மெல்லிழைகள் மட்டும் பழுதானவர்களுக்கும் அறிக்கை இயல்பாகவே வரும். எனக்கு அப்படித்தான் வந்தது. கணுக்காலுக்குச் சற்று மேலே 3 மில்லிமீட்டர் அகலத்தில் தோலை எடுத்து, நுண்ணோக்கியில் நரம்பு நுனிகளை எண்ணிய பிறகே விடை கிடைத்தது. உங்களுக்கும் அதுதான் என்று சொல்ல நான் மருத்துவன் அல்லன், ஆனால் “இந்தப் பரிசோதனை எதைக் காட்டாது?” என்று நிபுணரிடம் தயங்காமல் கேளுங்கள்.

குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நான் முதன்முறை பதினொரு பக்கம் எழுதிச் சென்றேன். மருத்துவர் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. அடுத்த முறை ஒரே பக்கம். ‘வலி பத்துக்கு ஏழு’ என்று எழுதியதைவிட, ‘படியேறும்போது இடக்கால் இருமுறை தடுக்கியது’ என்று தேதியோடு எழுதியதுதான் அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது.

மறுமொழி: ஓய்வுபெற்ற தாதி, ஜூரோங்

அம்மா, நீங்கள் சைவ உணவு உண்பவரா? வைட்டமின் பி12 அளவைப் பார்த்தார்களா என்று சொல்லுங்கள். அது குறைந்தாலும் கால் எரிச்சலும் மரமரப்பும் வரும். நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் நீண்டகாலம் உட்கொள்பவர்களுக்கும் அது குறைவதுண்டு. பார்க்கவில்லையென்றால், பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கும்வரை கடையில் பி12 மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். அளவு உயர்ந்து, உண்மை நிலை மறைந்துவிடும். எரிகிறதே என்று பாதங்களைப் பனிக்கட்டி நீரில் ஊறவைக்கவும் வேண்டாம். உணர்ச்சி மங்கிய தோல் புண்ணாவதை அறியாமலே இருந்துவிட்டவர்களைப் பணியில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று முக்கியம். முகம் ஒருபுறம் கோணுவது, கை திடீரெனத் தளர்வது, பேச்சுக் குழறுவது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, தொடையிடுக்கில் உணர்ச்சி மறைவது ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் ஒன்பது வாரம் என்ற கணக்கை மறந்துவிட்டு உடனே அவசர மருத்துவ ஊர்திக்கான 995ஐ அழையுங்கள். அப்படி அவசரமில்லாமல், மரமரப்பு மெல்ல மேலேறி வருவதாகத் தெரிந்தால், மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்து, மாற்றத்தைச் சொல்லி, முன்னதாக நேரம் கேட்கலாம். கேட்காமல் பேசாமல் இருப்பவர்களுக்குத்தான் பழைய தேதியே நிற்கும்.

மறுமொழி: பிடோக்வாசி

ரயிலில் நின்றுகொண்டே போகிறீர்களா? வெளியே தெரியாத உடல்நலக் குறை உள்ளவர்களுக்காக, ‘எனக்கு இருக்கை தர இயலுமா’ என்ற பொருளில் எழுதிய, அடையாள அட்டைபோல் கழுத்தில் தொங்கவிடும் கழுத்துப்பட்டையை எம்ஆர்டி ரயில் நிலையங்களின் பயணிகள் சேவை நிலையத்தில் கேட்டுப் பெறலாம். நான் வெட்கப்பட்டே எட்டு மாதம் நின்றேன். வீண்தான்.

கேட்பவர்: செம்பவாங் ஆசிரியை

இருவருக்கும் நன்றி. நான் சைவம், பாலும் அவ்வளவாகப் பிடிக்காது. மருத்துவப் பதிவுகளைக் காட்டும் ஹெல்த்ஹப் இணையத்தளத்தில் என் பரிசோதனை முடிவுகளை இப்போதுதான் வரிவரியாகப் பார்த்தேன். பி12 என்ற பெயரே அதில் இல்லை. திங்கட்கிழமை பள்ளி முடிந்ததும் பலதுறை மருந்தகத்திற்குச் சென்று கேட்கப் போகிறேன். கழுத்துப்பட்டைக்கு மட்டும் இன்னும் மனம் ஒப்பவில்லை. என் மாணவர்கள் பலர் அதே ரயிலில்தான் வருகிறார்கள்.