மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்க ஏர்போட்டுக்கு வான் சேவை: எந்தப் பெர்மிட், யாரிடம் எடுப்பது?

வாவிக்கரை எழுதியது:

வணக்கம். களுவாஞ்சிக்குடியில் தொடங்கி மட்டக்களப்பு டவுன், செங்கலடி, ஓட்டமாவடி வழியாகக் கட்டுநாயக்க ஏர்போட்டுக்கு ஒரு வான் சேவை நடத்த யோசனை. வாகனம் டொயோட்டா கேடிஎச் ஹைஏஸ் வான், லீசிங்கில் இருக்கிறது. சீஆர் புத்தகத்தில் (வாகனப் பதிவுச் சான்றிதழில்) 'இரட்டைப் பயன்பாட்டு வாகனம்' என்று போட்டிருக்கிறார்கள். இன்சூரன்ஸ் பிரைவேட்டுக்கு எடுத்தது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களும் லீவில் வருகிறவர்களும்தான் பயணிகள். கிழமையில் நாலு நாள், குறித்த நேரம், ஆளுக்கு இவ்வளவு என்று சீட் கணக்கில் காசு. இதுதான் திட்டம்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்தால் போதும் என்கிறார்கள் சிலர். ரூட் பெர்மிட் இல்லாமல் ஏலாது என்கிறார்கள் வேறு சிலர். சுற்றுலா அதிகார சபையில் பதிந்துவிட்டால் ஒருவரும் மறிக்க மாட்டார்கள் என்றும் ஒரு கதை இருக்கிறது. இதில் எது சரி? எந்த ஒழுங்கில் செய்ய வேண்டும்? விசயம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

---

ரூட்_நம்பர் எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்ட மூன்றும் மூன்று வேறு அலுவல். ஒன்றை எடுத்தால் மற்றது தேவையில்லை என்று ஆகாது. முதலில் உங்கள் திட்டத்தில் 'சீட் கணக்கில் காசு' என்ற இடத்தில் நில்லுங்கள். முழுச் சட்டமும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுச் சட்டம், பயணிகளிடம் தனித்தனியாகக் கட்டணம் வாங்கி ஏற்றுகிற சேவைக்குப் பயணிகள் சேவை அனுமதிப்பத்திரம் வேண்டும் என்கிறது. நாம் ரூட் பெர்மிட் என்று சொல்வது அதைத்தான். வாகனம் பஸ்ஸா வானா என்பதை வைத்துத் தப்ப ஏலாது. நேரம் குறித்து, வழி குறித்து, ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கினால் நீங்கள் நடத்துவது பஸ் சேவை.

அடுத்தது, யாரிடம் எடுப்பது. ஒரு மாகாணத்துக்குள் ஓடினால் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. எல்லை தாண்டினால் கொழும்பிலுள்ள தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. உங்கள் வழியைப் பாருங்கள்: கிழக்கில் தொடங்கி, பொலன்னறுவையில் வடமத்திய மாகாணம், தம்புள்ளையில் மத்திய மாகாணம், குருநாகலில் வடமேல் மாகாணம், கட்டுநாயக்கவில் மேல் மாகாணம். ஐந்து மாகாணம். அதனால் திருகோணமலையில் மாகாண அலுவலகத்துக்கு அலைவதில் பலனில்லை.

ஆணைக்குழு பெர்மிட் கொடுப்பது, விண்ணப்பம் போட்டவுடன் கிடைக்கும் சாமான் அல்ல. எந்த வழியில் எத்தனை பஸ் தேவை என்று அவர்கள் தீர்மானித்து, பத்திரிகையில் கேள்வி மனு கோருவார்கள். அந்த அறிவித்தலில் வழி, தொடக்க இடம், முடிவிடம், சேவைத் தரம் எல்லாம் இருக்கும். கிடைத்தால் வாகனப் பரிசோதனை, நேர அட்டவணை, சாரதி கொண்டக்டர் பதிவு என்று வரிசையாக வரும். பெர்மிட்டை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஒரு தனி வான் வைத்திருக்கிற ஆள் இந்த வழியால் போனால், கேள்வி மனு வருகிற வரை லீசிங் தவணையைக் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். அதையும் கணக்கில் எடுங்கள்.

பெர்மிட் இல்லாமல் ஓடுவதற்கான தண்டத்தை 2017இல் சட்டத்தைத் திருத்திப் பெரிதாகக் கூட்டிவிட்டார்கள். முந்தி ஓடியவர்கள் தண்டத்தைக் கட்டிவிட்டு மறுநாளும் ஓடினார்கள் என்ற கதையை இப்போது நம்ப வேண்டாம். கல்முனை, மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் பெர்மிட்டோடு ஓடுகிற பஸ்காரர் ஆணைக்குழுவின் 1955 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு ஒரு முறைப்பாடு கொடுத்தால் போதும். அவர்கள் காசு கொட்டி எடுத்த பெர்மிட், முறைப்பாடு கொடுக்கத்தான் செய்வார்கள். அதில் பிழை சொல்லவும் ஏலாது.

ஆகவே ஒரு வானோடு தொடங்குகிறவருக்குச் சரியான வழி, முழு வாகனத்தையும் ஒரே ஆளுக்கு ஹயர் கொடுப்பது. ஒரு குடும்பம், ஒரு ஒப்பந்தம், ஒரு தொகை. இதற்கு ரூட் பெர்மிட் கேட்கமாட்டார்கள். 'சீட் 1க்கு இவ்வளவு' என்று பேஸ்புக்கில் போட்டிருந்தால் அதை முதலில் அழியுங்கள். அந்த விளம்பரமே உங்களுக்கு எதிரான சாட்சி.

---

கல்முனை_வீல் எழுதியது:

மேலே சொன்னது சரி. வாகனப் பக்கத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் ஹயருக்கு மாறினாலும் இதில் தப்ப முடியாது.

சீஆர் புத்தகத்தைத் திறந்து ஆசன எண்ணிக்கையைப் பாருங்கள். பிறகு வானுக்குள் ஏறி எண்ணுங்கள். நம்ம பக்கத்துக் கேடிஎச் வான் பலதில் இந்த இரண்டும் ஒத்துவராது. வாங்கிய பிறகு பின்னுக்கு ஒரு வரிசை பூட்டியிருப்பார்கள். அப்படியென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதிய வேண்டும், பரிசோதகர் வாகனத்தைப் பார்ப்பார். லீசிங் வாகனத்தில் முழு உரிமையாளர் லீசிங் கம்பனிதான், எனவே அவர்களின் சம்மதக் கடிதம் இல்லாமல் பைல் நகராது. கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது தரமும் போக வேண்டிவரும்.

சாரதி லைசன்ஸ்: பி வகுப்பு, சாரதியோடு சேர்த்து 9 ஆசனம் வரைக்கும்தான். அதைத் தாண்டினால் டி1 வேண்டும், அது 33 ஆசனம் வரை செல்லும். பி வகுப்போடு 14 சீட் வான் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். வீதியில் பொலிஸ் பிடிப்பது சின்ன விசயம். விபத்து நடந்தால் 'உரிய வகுப்பு லைசன்ஸ் இல்லாத சாரதி' என்ற ஒரு வரியோடு இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும்.

இன்சூரன்ஸுக்கு வருவோம். பிரைவேட் பாவனை என்று எடுத்த பொலிசியோடு காசுக்கு ஆள் ஏற்றினால் உங்கள் வாகனத்துக்கான நட்டஈட்டை அவர்கள் மறுக்கலாம். விபத்துக்குப் பிறகு வருகிற ஆள் முதலில் பயணிகளிடம்தான் கேட்பார்: 'எவ்வளவு கொடுத்தீங்க?' ஹயர் என்று மாற்றச் சொல்லுங்கள். பிரீமியம் கூடும். கூடட்டும். மாற்றும்போது இரண்டு விசயம் எழுத்தில் வர வேண்டும்: பாவனை 'ஹயர்' என்பது, பயணிகளுக்கான விபத்துக் காப்பு எத்தனை ஆசனத்துக்கு என்பது. அந்த எண்ணிக்கை சீஆர் புத்தகத்து எண்ணிக்கையோடு ஒத்திருக்க வேண்டும். லீசிங் கம்பனிக்கும் அறிவியுங்கள், அவர்களுடைய ஒப்பந்தத்திலும் பாவனை பற்றி வாசகம் இருக்கும். 2023 ஜூலையில் மன்னம்பிட்டிப் பக்கம் கொட்டலிய பாலத்தில் பஸ் ஆற்றுக்குள் விழுந்து எத்தனை பேர் போனார்கள். நாம் ஓடப்போவதும் அதே ரோட்டால்தான். ஆசனக் காப்பில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இனிப் பாரம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் 30 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும் கொண்டுவருவார், ஆள் ஒரு 75 கிலோ. பத்துப் பேர் என்றால் 1,120 கிலோ. இதில் டிவிப் பெட்டி, போர்வைப் பொதி சேர்க்கவில்லை. அந்த வானுக்கு அது கூடுதல். 195/80ஆர்15 அளவில் எல்டி (லைட் டிரக், பாரம் ஏற்றும் வாகனத்துக்கானது) என்று போட்ட, 107 பாரக் குறியீடுள்ள டயர் ஒவ்வொன்றும் 975 கிலோ தாங்கும். அதே அளவில் மலிவான கார் டயரைப் போட்டால் பின் டயர் சூடாகி வெடிக்கும். எல்டி டயரிலும் காற்றைக் குறைத்து ஓடினால் அதே கதிதான். பயணம் குலுங்காமல் இருக்கட்டும் என்று காற்றைக் குறைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதை விடுங்கள். சாமானோடு ஏழெட்டுப் பேர்தான் கணக்கு. கூரையில் ஏற்றினால் வளைவில் வான் சரியும், மின்னேரியாப் பக்கம் திடீர் பிரேக்கில் இன்னும் மோசம்.

---

புது_ஓட்டம் எழுதியது:

இவ்வளவு பயப்படத் தேவையில்லை. நாலு குடும்பம் ஒரே நாளில் போகிறதென்றால் ஒருவருடைய பெயரில் ஹயர் ஒப்பந்தம் எழுதுங்கள். மற்றவர்கள் அவருடைய ஆட்கள் என்று சொல்லிவிடலாம். ரோட்டில் மறித்தால் கடதாசியைக் காட்டினால் முடிந்தது.

---

ரூட்_நம்பர் எழுதியது:

தம்பி புது_ஓட்டம், தயவுசெய்து இதைப் பரப்ப வேண்டாம். ரோட்டில் மறிக்கிற பரிசோதகர் கடதாசியைப் பார்க்கிறதோடு நிற்கமாட்டார். பயணிகளைத் தனித்தனியாக விசாரிப்பார்: எங்கே ஏறினீர்கள், யாருக்குக் காசு கொடுத்தீர்கள், ஒப்பந்தக்காரர் உங்களுக்கு என்ன முறை. செங்கலடியில் ஏறியவருக்குக் களுவாஞ்சிக்குடிக்காரரின் பெயரே தெரியாது. நாலு பேர் நாலு தொகை சொன்னால் அதுதான் தனித்தனிக் கட்டணம். அதற்கு மேல் பொய் ஆவணம் என்ற பிரச்சினையும் சேரும். பயணி நிலையையும் யோசியுங்கள். மாலை பிளைட்டுக்குப் போகிற பிள்ளை ஹபரணையில் பொலிஸ் நிலையத்தில் நின்றால் அவளுடைய வீசா, டிக்கெட், ஏஜென்சிக் காசு எல்லாம் போச்சு.

நாலு குடும்பத்தை நேர்மையாக ஏற்ற வேண்டுமென்றால், உண்மையிலேயே ஒரே தரப்பு முழுக் காசையும் கட்ட வேண்டும். அனுமதிபெற்ற வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர், தான் அனுப்புகிற ஆட்களுக்காக வானை எடுக்கலாம். உம்ரா அனுப்புகிறவர்கள் தங்கள் குழுவுக்கு எடுக்கலாம். பாசிக்குடா ஹோட்டல் தன் விருந்தினருக்கு எடுக்கலாம். பில் ஒன்று, கொடுப்பனவு ஒன்று, அதுவும் வங்கிக் கணக்குக்கு வருவது நல்லது. இப்படி இரண்டு மூன்று நிறுவனத்தோடு மாத ஒப்பந்தம் இருந்தால் சீட் விற்பதைவிட வருமானம் நிலையாக இருக்கும்.

---

வாவிக்கரை எழுதியது:

மிக்க நன்றி. சீட் கணக்கை விட்டுவிடுகிறேன். அப்படியென்றால் முழு ஹயருக்கு என்னென்ன கடதாசி, எந்த ஒழுங்கில்? சுற்றுலாச் சபைப் பதிவு தேவையா? ஏர்போட்டுக்குள் ஆள் ஏற்றுவதற்கு வேறு அனுமதி உண்டா?

---

கச்சேரி_பைல் எழுதியது:

ஒழுங்கு முக்கியம், ஒன்று பிந்தினால் அடுத்தது நிற்கும். முதலில் லீசிங் கம்பனியின் சம்மதக் கடிதம். பிறகு ஆசன எண்ணிக்கை திருத்தம், தேவையென்றால். அதன்பின் இன்சூரன்ஸ் மாற்றம். புகைப் பரிசோதனைச் சான்றிதழும் செல்லுபடியாகும் இன்சூரன்ஸும் இருந்தால்தான் வருட வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியும். ஆகவே வருமானப் பத்திரம் முடிகிற மாதத்துக்கு முன்பே இன்சூரன்ஸ் மாற்றத்தை முடியுங்கள்.

இதற்குப் பக்கத்திலேயே வியாபாரப் பெயர்ப் பதிவைச் செய்யலாம். உங்கள் பிரதேச செயலகத்தில் படிவம் எடுத்து, கிராம உத்தியோகத்தரின் அறிக்கையோடு கொடுக்க வேண்டும். அலுவலகம் வாடகைக் கட்டடத்தில் என்றால் உரிமையாளரின் சம்மதமும் கேட்பார்கள். 'எயார்போட் எக்ஸ்பிரஸ் பஸ் சேவை' மாதிரிப் பெயர் வைக்காதீர்கள், பெர்மிட் இல்லாத பஸ் சேவை என்று நீங்களே எழுதிக்கொடுத்தது போலாகும். தொழில் விபரத்தில் 'வாகனம் வாடகைக்கு விடுதல்' என்று தெளிவாக எழுதுங்கள். இந்தப் பதிவு வங்கிக் கணக்குக்கும் முகவர் ஒப்பந்தத்துக்கும் உதவும். வீதியில் ஆள் ஏற்றும் உரிமையை அது தராது. வரி இலக்கத்தையும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் எடுத்துவிடுங்கள், கம்பனிகள் பில்லில் கேட்பார்கள்.

சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை 2005இன் 38ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. வெளிநாட்டு உல்லாசப் பயணிகளைப் பாசிக்குடாவுக்கோ அறுகம்பைக்கோ ஏற்றுவதுதான் தொழில் என்றால் அங்கே பதிவது நல்லது, ஹோட்டல்கள் அதைக் கேட்கும். அந்தப் பதிவைக் காட்டிச் சவூதியால் வருகிற நம்மவர்களைச் சீட் கணக்கில் ஏற்ற ஏலாது.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இரட்டைப் பிரதியில் ஹயர் கடதாசி எழுதுங்கள். திகதி, வாகன இலக்கம், சாரதி பெயர், ஒப்பந்தக்காரரின் பெயர் அடையாள அட்டை இலக்கத்தோடு, ஏறும் இடம், இறங்கும் இடம், பயணிகள் பெயர்ப்பட்டியல், மொத்தத் தொகை. ஒரு பிரதி வானில், மற்றது ஒப்பந்தக்காரரிடம். காசு புறப்படும் முன்பே வாங்கிப் பற்றுச்சீட்டு கொடுங்கள்.

ஏர்போட் விசயம்: கட்டுநாயக்க வளாகத்தை விமான நிலைய மற்றும் விமானச் சேவைகள் நிறுவனம் நிர்வகிக்கிறது. உள்ளே நின்று 'மட்டக்களப்பு, மட்டக்களப்பு' என்று ஆள் கூப்பிட உங்களுக்கு அனுமதி இல்லை. வருகைக் கட்டடத்து டாக்சிக் கவுண்டர்களுக்கு அது தனி ஏற்பாடு. முன்பதிவு செய்தவரை ஏற்றலாம். வானைத் தரிப்பிடத்தில் விட்டு, பெயர்ப்பலகையோடு போய் அழைத்து வாருங்கள், ஹயர் கடதாசி கையில் இருக்கட்டும். வாசலில் வானை நிறுத்திக் காத்திருந்தால் உடனே எடுக்கச் சொல்வார்கள். திரும்புகிற வெறும் வானில் இரண்டு பேரைக் கேட்டு ஏற்றுவதும் அதே சட்டமீறல்தான், கூடுதலாகப் பிடிபடுவதும் அதில்தான். ஆகவே போகவர இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே ஹயர் விலை போடுங்கள்.

---

கல்முனை_வீல் எழுதியது:

நேரக் கணக்கு ஒன்று மட்டும். மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்க ஏறத்தாழ 300 கிலோமீற்றர். சாப்பாடு, தொழுகை, கழிப்பறை சேர்த்து ஏழு, ஏழரை மணித்தியாலம் போடுங்கள். மாலை 6 மணிப் பிளைட் என்றால் 3 மணிக்கு ஏர்போட்டில் நிற்க வேண்டும். பஞ்சருக்கும் மழைக்கும் ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்கினால் காலை 6 மணிக்கு டவுனை விட வேண்டும். களுவாஞ்சிக்குடிக்காரர் அதற்கும் முந்தி. குருநாகலில் மீரிகமப் பக்கம் அதிவேகப் பாதையில் ஏறினால் நேரம் மிஞ்சும், 2022 ஜனவரியில் திறந்த துண்டு அது. ஏறினால் பின் ஆசனக்காரரும் பெல்ட் போட வேண்டும், பெல்ட் இல்லாத வரிசை இருந்தால் முதலில் பூட்டுங்கள்.

அதிகாலைப் பிளைட் என்றால் இரவு ஓட்டம் தவிர்க்க ஏலாது. புனானை முதல் வெலிக்கந்தை வரையும், மின்னேரியா முதல் ஹபரணை வரையும் யானை ரோட்டுக்கு வரும். அந்த இரண்டு துண்டிலும் மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் போக விடாதீர்கள். யானை நின்றால் ஹோர்ன் அடிக்காமல், லைட்டை டிம் பண்ணி, தூரத்திலேயே நின்று பொறுங்கள். ஒரே சாரதி இரவு போய் பகல் திரும்புவது கூடாது. இரண்டாவது சாரதியின் சம்பளத்தை ஹயர் விலையில் ஏற்றுங்கள், அவருக்கும் டி1 இருக்க வேண்டும்.