அம்மாவின் பிரஷர், கொஞ்சம் மரைன் டிரைவ்: யாராவது சேர்ந்து நடப்பீர்களா?

வெள்ளவத்தை மகள்:

அம்மாவுக்கு 71 வயது. கிளினிக்கில் பார்த்தால் பிரஷர் 170க்குக் கீழே வருவதேயில்லை. வீட்டில், கீழ்மாடி அன்ரியோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது நான் பார்த்தால் 140. குளிசையைக் கூட்டியிருக்கிறார்கள். இப்போது காலையில் எழும்பினால் தலை சுற்றுகிறதாம்.

போன கிழமை கூடப் போனபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். வாசலில் செக்கியூரிட்டிப் பெடியன் "ஐசி?" என்று கேட்டான். அம்மா சட்டைக்குள் கையை விட்டு, ஊசியால் குத்தி வைத்திருந்த சின்னப் பொலித்தீன் பையை எடுத்தார். உள்ளே அடையாள அட்டை. கூடவே, மடித்த இடமெல்லாம் கிழிந்த, யுத்த காலத்தில் கொழும்புத் தமிழர் பொலிஸில் பதிந்த பழைய படிவத்தின் போட்டோ பிரதி. "இதை இப்ப ஆர் அம்மா கேக்கினம்?" என்றேன். "கேட்டால்?" என்றார். பெடியன் பாவம், கொப்பியில் பெயர் எழுதத்தான் கேட்டான். அடுத்த பத்து நிமிஷத்தில் அம்மாவின் கையில் பிரஷர் பட்டி. எவ்வளவு காட்டும்?

அமெரிக்காவில் இருக்கும் தம்பி கேர்ள்ட்ரெக் என்ற அமைப்பைப் பற்றிச் சொன்னான். 2010இல் கறுப்பினப் பெண்கள் இரண்டு பேர் தொடங்கியது. கறுப்பினப் பெண்கள் தங்கள் தெருக்களில் சேர்ந்து நடக்கிறார்கள், தினமும் அரை மணித்தியாலம். பயமில்லாமல் நடக்க ஒரு தெரு, கூட நடக்க நாலு பேர், இதையும் அவர்கள் ஆரோக்கியக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். இங்கேயும் அப்படி அஞ்சாறு பேர் சேர்ந்தால் என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். "அஞ்சாறு தமிழ்ப் பொம்பிளையள் கூட்டமாப் போனால், எங்க போறியள் எண்டு கேப்பினம்" என்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வது?

ஓய்வுபெற்ற நேர்ஸ்:

முதலில் தலைச்சுற்றை டொக்டரிடம் சொல்லுங்கள் தங்கச்சி. குளிசையை நீங்களாகக் குறைக்க வேண்டாம். ஒரு கிழமைக்குக் காலையும் மாலையும், ஐந்து நிமிஷம் இருக்கவிட்டு அளந்து, கொப்பியில் எழுதிக் கொண்டுபோங்கள்.

மற்றது, இடத்துக்கும் பிரஷருக்கும் தொடர்பு உண்டு. லொஸ் ஏஞ்சலிஸில் 52 கறுப்பினச் சலூன்களில் ஓர் ஆய்வு நடந்தது, 2018இல் வெளிவந்தது. மருந்தாளர் சலூனுக்கே வந்து, தலைமுடி வெட்ட வந்தவர்களுக்குப் பிரஷர் பார்த்து மருந்து கொடுத்தார். ஆறு மாதத்தில் மேல் அளவு சராசரி 27 புள்ளி இறங்கியது. சலூன்காரர் வெறும் அறிவுரை சொன்ன இடங்களில் 9தான். மருந்து வேலை செய்ததுதான், ஆனால் அதை வாங்க அவர்கள் தங்களுக்குப் பழகிய கதிரையை விட்டு எழும்பத் தேவைப்படவில்லை.

கொட்டாஞ்சேனை சலூன்காரன்:

என் கடையில் பிரஷர் பார்த்தால் எனக்குத்தான் கூடும். கிரிக்கெட் நாளில் வரவேண்டாம்.

புத்தளத்தான்:

ஒன்று கேட்கவேண்டும், கோபிக்காதீர்கள். அடிமையாக விற்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கண்டுபிடித்ததை எங்கள் கதையோடு அப்படியே ஒட்டமுடியாது. எங்களுக்கு 83 கலவரம் இருக்கிறது. 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழர்களைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றி ஊரை விட்டு அனுப்பியதும் இருக்கிறது. உங்கள் அம்மாவின் பை அங்கிருந்து வருகிறது, அது புரிகிறது. ஆனால் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சிரம்பையடியில், ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த குடும்பங்கள் இருக்கின்றன. கொழும்புத் தமிழ் வீடுகளில் அவர்களின் பெயர் எதற்குப் பயன்படுகிறது? பிள்ளை வெயிலில் விளையாடிவிட்டு வந்தால் திட்டுவதற்கு. கறுப்பினப் பெண்களின் நடையை எடுக்கிறீர்கள் என்றால், அந்தச் சொல்லையும் வீட்டில் நிறுத்துங்கள்.

வெள்ளவத்தை மகள்:

அண்ணா, அந்தச் சொல்லை நானே கேட்டு வளர்ந்தவள். நெட்போல் விளையாடிவிட்டு வரும்போதெல்லாம் "காப்பிலி மாதிரி வந்து நிக்கிறாள்" என்பார் அம்மா. நேற்று அதைச் சொல்லிக் காட்டினேன். "அது சும்மா சொல்றதுதானே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவையளிட்டயும் ஐசி கேப்பினமோ?" என்று கேட்டார். யாரைச் சொல்கிறார், அமெரிக்காவில் உள்ளவர்களையா சிரம்பையடியில் உள்ளவர்களையா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு இடத்தையும் பற்றித் தெரிந்ததைச் சொன்னேன்.

சரி, நடந்தது இதுதான். ஞாயிறு மாலை ஐந்தரைக்கு வெள்ளவத்தை ஸ்டேஷன் பக்கத்தில் தொடங்கினோம். நான், அம்மா, கீழ்மாடி அன்ரி, அன்ரியின் சிங்களச் சிநேகிதி ஒருவர். கடலோர மரைன் டிரைவில் பம்பலப்பிட்டிப் பக்கம் திரும்பி, தண்டவாளத்தை இடப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தோம். ஒரு பொலிஸ் மோட்டார் சைக்கிள் மெதுவாகக் கடந்தது. அம்மா என் கையைப் பிடித்தார், மற்றக் கை சட்டைக்குப் போனது. அவன் போய்விட்டான். அடுத்த ரயில் வரும்வரைக்கும் கையை விடவில்லை. அப்புறம் விட்டுவிட்டு, கடலைக்காரனோடு விலை பேசப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து பத்து நிமிஷம் இருந்துவிட்டு அளந்தேன், 138. கொப்பியில் எழுதியிருக்கிறேன். பை இன்னும் சட்டைக்குள்தான். அன்ரிக்கு மட்டும் புதுச் செருப்பு கடித்துவிட்டது, வருகிற ஞாயிறு பழையதைப் போட்டுக்கொண்டு வாறாவாம்.