வரித்தலை வாத்து: எவரெஸ்ட் கதை, சிவப்புப் பட்டியல், இளம் பறவை அடையாளம்

கரையோரம்:
நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு வரும் தன்னார்வலர்களுக்காக வரித்தலை வாத்து பற்றி இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று தயாராகிறது. மூன்று இடத்தில் முட்டுகிறது.

எவரெஸ்டுக்கு மேலே பறக்கும் என்று திரும்பிய பக்கமெல்லாம் இருக்கிறது. அப்படியே போடலாமா? உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். வெளியிடும் சிவப்புப் பட்டியலில் இது ‘கவலை குறைந்த இனம்’. அப்படியிருக்க நோய், அழிவு என்று ஏன் இத்தனை பேச்சு? மூன்றாவது, கூட்டத்தில் இளம் பறவைகளைத் தனியாக எண்ண முடியுமா? எந்த மாதத்தில் எண்ணினால் சரியாக வரும்?

மேல்காற்று:
எவரெஸ்டை எடுத்துவிடுங்கள். மலையேறிகள் சொன்ன காட்சிகளிலிருந்து கிளம்பிய கதை அது. பறவைகளின் மேல் கருவி பொருத்தி எடுத்த அளவீடுகளில் பதிவான உச்ச உயரம் சுமார் 7,290 மீட்டர். பதிவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து 5,500 மீட்டருக்குக் கீழேதான். சிகரத்தைத் தாண்டுவதில் அவற்றுக்கு லாபம் எதுவும் இல்லை. பள்ளத்தாக்கு, கணவாய் வழியாகப் போகின்றன.

உயரத்தை விட அது பறக்கும் விதம்தான் விசேஷம். ஒரே மட்டத்தில் போகாது. தரை ஏறினால் ஏறும், தரை இறங்கினால் தானும் இறங்கிவிடும். சம்பாதித்த உயரத்தை இப்படி விட்டுக்கொடுப்பது நஷ்டம் போலத் தோன்றும். 2015-இல் வெளிவந்த ஆய்வு கணக்கைக் காட்டியது: இறக்கை அடிக்கும் வேகம் 5 சதவீதம் கூடினால் இதயத்துடிப்பு 19 சதவீதம் கூடுகிறது, பறக்கச் செலவாகும் ஆற்றலோ 41 சதவீதம் எகிறுகிறது. மெல்லிய காற்றில் மிதக்க வேகமாக அடித்தாக வேண்டும். அதனால் அடர்ந்த காற்றுக்கு இறங்கி, தேவைப்படும்போது மறுபடி ஏறுவதே மலிவு. இரவிலும் விடியற்காலையிலும் கடப்பதும் இதனால்தான். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது.

5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி. அதைச் சமாளிக்க, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினில் ஒரு சின்ன மாற்றம்: அதன் ஆல்ஃபா சங்கிலியில் 119-ஆவது இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் அலனின் இருக்கிறது. அதனால் ஆக்சிஜனை இறுக்கமாகப் பிடிக்கும். பறக்கும் தசையில் இரத்த நுண்குழாய்களும் நெருக்கம். குறிப்பில் இது இரண்டு வரி போதும், மேலே போனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

சேற்றுவயல்:
இரண்டாவது கேள்விக்கு. பட்டியல் அளப்பது ஒன்று, நாம் பயப்படுவது வேறொன்று. ‘அழிவாய்ப்பு உள்ள இனம்’ என்று ஏற, முதிர்ந்த பறவைகள் 10,000-க்குக் கீழே இருந்து குறைந்துகொண்டும் இருக்க வேண்டும். அல்லது பத்தாண்டு, மூன்று தலைமுறை இரண்டில் எது நீளமோ அதற்குள் 30 சதவீதமாவது சரிந்திருக்க வேண்டும். வேறு சில அளவுகோல்களும் உண்டு. இந்த வாத்து பல பத்தாயிரக் கணக்கில் இருக்கிறது, மங்கோலியா முதல் தென்னிந்தியா வரை பரவியிருக்கிறது. ஆகவே அந்த வரையறைப்படி தப்பில்லை.

ஆனால் பரவியிருக்கிறது என்றால் சமமாகப் பரவியிருக்கிறது என்று பொருளில்லை. கோடையில் சில ஏரித் தீவுகளில் நெருக்கியடித்துக் கூடு வைக்கிறது. குளிர்காலத்தில் சில நீர்நிலைகளில் மொத்தமாக இறங்குகிறது. இமாச்சலத்தின் பாங் அணையில் மட்டும் 40,000-க்கு மேல் எண்ணிய ஆண்டு உண்டு. 2005-இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் வந்தபோது 6,000-க்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் செத்தன. பெரும்பங்கு இந்த வாத்துதான். உலகிலுள்ள மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம் அந்த ஒரே ஏரியில் போனதாக மதிப்பீடு. பாங் அணையில் 2020 டிசம்பர் கடைசியில் தொடங்கிய சாவும் அதே மாதிரி, நாலாயிரத்துக்கும் மேல்.

விட்டதை எட்டிப் பிடிப்பதும் மெதுவாகத்தான். முதல் முட்டைக்கு இரண்டு மூன்று வயதாக வேண்டும். வருடத்துக்கு ஒரே தடவைதான் முட்டையிடும், பெரும்பாலும் 4 முதல் 6 முட்டை, அடைகாப்பு நான்கு வாரம், குஞ்சு பறக்க ஏழெட்டு வாரம். கூடு நெருக்கமான இடத்தில் ஒரு பெட்டை மற்றதின் கூட்டில் முட்டையிடுவதும் சகஜம். அதனால் ஒரு கூட்டில் பத்து முட்டை பார்த்தால் ‘நல்ல வருடம்’ என்று குறித்துவிட வேண்டாம். இனப்பெருக்கம் முடிந்ததும் பறக்கும் சிறகுகள் மொத்தமாக உதிர்ந்து, சில வாரம் பறக்கவே முடியாது. லடாக் பக்கம் தெருநாய்கள் பெரும் தொல்லையாவது குஞ்சுக்கும் இந்தச் சிறகுதிர் காலத்துக்கும்தான்.

தொலைநோக்கி:
இளம் பறவை எண்ணலாம், ஆனால் சீக்கிரம். தலையில் இரண்டு கருப்புப் பட்டை இருந்தால் பெரியது. முதல் வருடப் பறவைக்குப் பட்டை கிடையாது. உச்சந்தலையிலிருந்து பின்கழுத்து வரை ஒரே சாம்பல்பழுப்பு, முகம் அழுக்குவெள்ளை. குளிர்காலம் போகப் போகப் பட்டை முளைத்துவிடும். நவம்பர், டிசம்பரில் எடுத்த விகிதத்தை நம்பலாம். பிப்ரவரியில் எடுத்தால் இளசு குறைவாகத்தான் வரும்.

மேயும்போது எண்ணுங்கள். பகலில் மணல்திட்டில் தலையைச் சிறகுக்குள் செருகித் தூங்கும் கூட்டத்தில் தலையும் தெரியாது, எண்ணிக்கையும் தேறாது. குடும்பம் குடும்பமாக இருப்பதால் ஒரே மூலையில் எண்ணி மொத்தத்துக்குப் பெருக்கினால் கணக்கு கோணும். மூன்று நான்கு இடத்திலாவது எடுங்கள். மொத்த எண்ணிக்கை வேறு வேலை: சாயங்காலம் வயலுக்குக் கிளம்பும்போது வரிசை வரிசையாக, பத்துப் பத்தாக.

ஆய்வாளர்கள் கழுத்தில் மாட்டிவிட்ட வண்ணப்பட்டை தெரிந்தால் பட்டையின் நிறம், எழுத்தின் நிறம், எழுத்தும் எண்ணும் எந்த வரிசையில் என்பதையெல்லாம் குறியுங்கள். மங்கோலியாவில் பட்டையிட்ட பறவைகள் தென்னிந்திய ஏரிகளில் தட்டுப்பட்டிருக்கின்றன.

கரையோரம்:
நன்றி. எவரெஸ்ட் போய்விட்டது. இளசு குறைவாக வந்தால் அந்த வருடம் கூடு தோற்றது என்று எழுதலாமா?

சேற்றுவயல்:
ஒரு வருடத்தை வைத்து வேண்டாம். தலையில் பட்டையுள்ள எல்லாம் ஜோடி சேர்ந்தவை அல்ல. இன்னும் முட்டையிடாத இரண்டாம் வருடப் பறவைகளும் அதற்குள் இருக்கும், தூரத்தில் பிரிக்க முடியாது. அதே ஏரியில், அதே மாதத்தில், பல வருடம் எடுத்தால் பேசலாம்.

குறிப்பில் இன்னொன்றையும் தடித்த எழுத்தில் போடுங்கள்: செத்த வாத்தைத் தொடக்கூடாது, புரட்டிப் படமெடுக்கவும் கூடாது. கழுத்து முறுக்கிக்கொண்டோ வட்டமடித்தோ தள்ளாடுவது தெரிந்தால் விலகி நின்று இடம், எண்ணிக்கை, நேரம் குறித்து வனத்துறைக்கும் கால்நடை பராமரிப்புத் துறைக்கும் அன்றைக்கே சொல்ல வேண்டும். மாதிரி எடுப்பது அவர்கள் வேலை. போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகத்துக்குப் போகும். அதே செருப்போடு அடுத்த ஏரிக்கோ கோழிப் பண்ணைக்கோ போக வேண்டாம்.