ஸ்காலப் மைட்டோகாண்ட்ரியா மரபணுத்தொகை வட்டமாக மூட மறுக்கிறது, உதவுங்கள்

அட்லாண்டிக் கடல் ஸ்காலப் என்ற சிப்பி, அதாவது பிளாகோபெக்டன் மெகல்லானிகஸ். ஜார்ஜஸ் பேங்க் பகுதியில் பிடித்தது, உறைய வைத்த மூடுதசையிலிருந்து டிஎன்ஏ எடுத்தோம். கையில் இருப்பது இலுமினா 150 பேஸ் ரீடுகள் (டிஎன்ஏவின் குட்டித் துண்டு வாசிப்புகள்) மட்டும். பே ஸ்காலப்பின் மைட்டோகாண்ட்ரியா சுமார் 16 கிலோபேஸில் முடிந்துவிடும், இதற்கோ 30-ஐத் தாண்டும், தனி விலங்குக்கு விலங்கு நீளமும் மாறும். காரணம் சுமார் 1.4 கிலோபேஸ் நீளமுள்ள ஒரே துண்டு அடுத்தடுத்து வருவதுதான். அசெம்பிளி (ரீடுகளை ஒட்டிச் சேர்ப்பது) அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறது, கவரேஜ் (ஓர் இடத்தில் விழும் ரீடுகளின் எண்ணிக்கை) மட்டும் அங்கே சட்டென்று பல மடங்கு எகிறுகிறது.

காக்ஸ்1 மரபணுவை விதையாகக் கொடுத்து நோவோபிளாஸ்டி, அப்புறம் கெட்ஆர்கனெல் என்ற அசெம்பிளி மென்பொருள்களை, கே-மெர் (ஒப்பிடும் துண்டின் நீளம்) மாற்றி மாற்றி ஓட்டியாயிற்று. வேறு ஸ்காலப்பை ரெஃபரன்ஸாக வைத்தும் பயனில்லை, இந்தக் குடும்பத்தில் மரபணு வரிசையே இனத்துக்கு இனம் கலைந்து கிடக்கிறது. மரபணுக்களை அடையாளம் காட்டும் மைட்டோஸ் கருவியில் 12 புரத மரபணுக்கள் கிடைத்தன, அதனால் கிளைமரம் வரையத் தடையில்லை. ஆனால் பெக்டினிடே (ஸ்காலப் குடும்பம்) உறவுகளுக்கு மரபணு வரிசையையும் சான்றாக வைக்க விரும்புகிறேன், அதற்கு முழு வட்டம் வேண்டும்.

அடுத்து, நீண்ட ரீடுகள் தரும் நானோபோருக்குப் போகலாம் என்றிருக்கிறேன். உறைந்த தசையின் மொத்த டிஎன்ஏவை அப்படியே ஓட்டினால் அந்தத் துண்டுகள் முழுவதையும் கடக்கும் ரீடுகள் கிடைக்குமா, இல்லை முதலில் மைட்டோகாண்ட்ரியாவைத் தனியே பிரித்தே ஆக வேண்டுமா?