ஆஸ்கார் விழாவை நீங்க எங்க இருந்து பார்த்தீங்க?

ஹட்டன்:

போன கிழமை தேத்தண்ணிக் கடையில மச்சானோட ஒரு வாக்குவாதம். "ஆஸ்கார இப்ப எவன் பார்க்கிறான்?"னு கேட்டு, போன்ல இருந்த கணக்கை வாசிச்சார். டைட்டானிக் ஜெயிச்ச 1998ல அமெரிக்காவில மட்டும் 5.5 கோடிப் பேருக்கு மேல பார்த்தாங்களாம். 2021ல அது 1 கோடி 4 லட்சத்துக்கு இறங்கிடுச்சு. 2025ல கொஞ்சம் தேறி 1 கோடி 97 லட்சம். 2029ல இருந்து டிவியே இல்லையாம், யூடியூப்தானாம். தேயிலை விலை விழுந்த மாதிரி அவ்வளவு கவலை அவருக்கு.

நான் கேட்டது ஒண்ணுதான். இந்தக் கணக்கில இலங்கை மலையகத்துக்காரங்க நாம எங்க இருக்கோம்? நீல்சன்காரன் எண்ணுறது அமெரிக்க வீடுகளை. நாம பார்க்கிற சென்னை சேனல்களுக்கு டிஆர்பி எடுக்கிற பார்க், இந்திய வீடுகளை எண்ணும். ஹட்டன்ல நாலு பேர் பார்த்தாலும் நானூறு பேர் பார்த்தாலும் ரெண்டு பக்கமும் பூச்சியம். அதனால நாமளே எண்ணிப் பார்ப்போம். எந்த விழா, எங்க இருந்து, பக்கத்தில யார்? பேருக்குப் பதிலா ஊரைப் போட்டு எழுதுங்க.

முதல்ல நானே சொல்றேன். 2009 பெப்ரவரி 23, திங்கட்கிழமை. அமெரிக்காவில ஞாயிறு ராத்திரி, நமக்கு விடிஞ்சு சிவராத்திரி லீவு. நான் அப்ப பதினோராம் ஆண்டு. ராத்திரி கோயில்ல முழிக்கணும்னா தலைமுடியை வெட்டிட்டு வான்னு அம்மா டவுனுக்கு அனுப்பினாங்க. அந்த சாலூன்ல டிஷ் இருந்தது. டிவி பின் சுவரில, நாற்காலிக்கு முன்னால பெரிய கண்ணாடி. முடி வெட்டிக்கிறவர் டிவியைக் கண்ணாடியிலதான் பார்க்கணும், எழுத்தெல்லாம் இடம் வலமா மாறித் தெரியும். பெஞ்சில இருந்த எங்களுக்குத்தான் நேராத் தெரிஞ்சது.

ஒரு பெரியவர் பேப்பரை மடிச்சிட்டு, "நம்ம ஆள் ஒருத்தியும் போட்டியில இருக்கா"ன்னார். மாயா அருட்பிரகாசம், எம்.ஐ.ஏ.ங்கிற பேர்ல பாடுற இலங்கைத் தமிழ்ப் பிள்ளை. பாட்டுக்கான விருதுக்கு மொத்தம் மூணு பாட்டு, அதில ரெண்டு ரஹ்மானோடது, அந்த ரெண்டில ஒண்ணு மாயாவோட சேர்ந்து செஞ்சது. கடைசியில நம்ம பிள்ளை ரஹ்மானோட சேர்ந்து ரஹ்மான்கிட்டயே தோத்திச்சு. அதுக்கு அந்தப் பெரியவர் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதில இருக்கு.

ஒன்பது மணி தாண்டி ரஹ்மான் மேடையில நின்னு "எல்லாப் புகழும் இறைவனுக்கே"ன்னார். அது வன்னியில சண்டை உச்சத்தில இருந்த மாசம். டவுன்ல சத்தமாத் தமிழ் பேசவே ஒரு தயக்கம், சாலூன்ல டிவி எப்பவும் முணுமுணுப்பாத்தான் ஓடும். கடைக்காரர் கத்திரியைக் கீழ வச்சிட்டு ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் கூட்டினார். நாற்காலியில இருந்தவர் கண்ணாடி போதாதுன்னு துணியோட அப்படியே திரும்பி உட்கார்ந்தார். பாதித் தலை வெட்டியிருந்தது. அந்த ஒரு வசனம் மூணு செக்கன் இருக்குமா? நான் முழுசாப் பார்த்தது அந்த மூணு செக்கனைத்தான். பிறகு சத்தம் பழையபடி இறங்கிடுச்சு.

மஸ்கெலியா:

அண்ணே, உங்களுக்கு ஆஸ்கார். எங்க தோட்டத்து லயத்துக்கு அவ்வளவு வசதி இல்ல, சென்னை சேனல்காரங்க விருது விழாதான். அதுவும் நடந்து பல நாள் கழிச்சு, ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் முதல் பாகம், அடுத்த ஞாயிறு ரெண்டாம் பாகம். எங்க காம்பிரா வீட்டில டிஷ் இருந்ததால இஸ்தோப்புத் திண்ணை வரைக்கும் ஆள் நிக்கும். ஒரு தடவை பதினேழு சோடி செருப்பு எண்ணினேன். மச்சானுக்குச் சொல்லுங்க, அதுதான் எங்க டிஆர்பி.

அந்த விழாக்களை உத்துப் பார்த்தா ஒரு விஷயம் புரியும். ஒரு நடிகை சிரிச்சுக் கைதட்டுறதை மூணு வேற பேச்சுக்கு ஒட்டியிருந்தாங்க. அதே சிரிப்பு, நெத்தியில அதே முடி. தங்கச்சிதான் கண்டுபிடிச்சா. அதுக்குப் பிறகு விருதை விட்டுட்டு எந்த சிரிப்பு எத்தனை தடவை வருதுன்னு எண்ணுறதே எங்களுக்கு விளையாட்டு. படத்தொகுப்பு, ஒலிப்பதிவு மாதிரி விருதுகளை வரிசையா ஓட விட்டுட்டு, ஹீரோ நடந்து வர்றதை மட்டும் நாலு கோணத்தில காட்டுவாங்க. எனக்கு அதில கடுப்பு.

மக்களுக்குப் பிடிச்ச ஹீரோவுக்கு எஸ்எம்எஸ் போடச் சொன்னப்போ 50 ரூபாய் ரீலோட் போட்டு நானும் அனுப்பினேன். அது இந்தியாவுக்குள்ள மட்டும் வேலை செய்யிற நம்பர். காசு போச்சு, வோட்டும் போகல. அப்பாகிட்ட இன்னும் சொல்லல.

அதைவிடக் கொடுமை மழை. மேற்குப் பக்கம் மழை இறங்கினா டிஷ்ல சிக்னல் போயிடும். சிறந்த நடிகர்னு உறையைப் பிரிக்கிறாங்க, திரை நீலமாயிடுச்சு. மறுநாள் காலையில வேலைக்கு ஆள் கூடுற பிரட்டுல கங்காணி பேர் கூப்பிட முந்தி அம்மா கேட்டதே "யாருக்குடி குடுத்தான்?"தான். கீழ் டிவிசன்ல மழை இல்ல, அவங்க சொல்லித்தான் தெரிஞ்சது. அன்னைக்கு அம்மாவுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழுந்தது. கொழுந்து குறைஞ்சதுக்கு அந்த நடிகரைத்தான் திட்டினாங்க, ஜெயிச்சதுக்காக!

பண்டாரவளை:

நான் பார்த்தது மண்ணெண்ணெய் வரிசையில. 2022 மார்ச். கரண்ட் கட், கேஸ் இல்ல, கேனுக்குக் கயிறு கட்டி ஒண்ணோடொண்ணு கோத்து வச்சிட்டு நிழல்ல நிப்போம். வில் ஸ்மித் அறைஞ்ச வீடியோ அங்கதான் போன் போனா வந்திச்சு. வரிசையில எல்லாரும் பார்த்தோம், விழாவை ஒருத்தரும் பார்க்கல. யார் ஜெயிச்சாங்கன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. அந்த வருசம் பார்வையாளர் 1 கோடி 66 லட்சத்துக்கு ஏறிச்சாம். சரி, ஏறட்டும்.

ஆனா எனக்கு அந்த விழாவில வேற ஒண்ணு இருக்கு. எங்க சின்னம்மா மகளுக்குக் காது கேக்காது. ஒரு மாசம் கழிச்சு யாரோ அனுப்பின இன்னொரு துண்டை அவதான் எனக்குக் காட்டினா. அதே ராத்திரி துணை நடிகர் விருது டிராய் கோட்சர்ங்கிற காது கேளாத நடிகருக்கு. கொரியாவில இருந்து வந்த யுன் யோ-ஜோங் அம்மா உறையைப் பிரிச்சு, முதல்ல கையால சைகை காட்டிட்டுத்தான் பேரைச் சொல்றாங்க. அவர் பேச ரெண்டு கையும் வேணுமே, அதனால சிலையைத் தானே வாங்கிப் பிடிச்சிட்டுப் பக்கத்தில நிக்கிறாங்க. கீழ இருக்கிறவங்க கைதட்டாம ரெண்டு கையையும் மேல தூக்கி ஆட்டுறாங்க.

என் தங்கச்சி அந்த சிலையைப் பிடிச்ச இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட விட்டா. அவ பேசும்போது கையில இருக்கிற கப்பை வாங்கிப் பிடிக்கணும்னு எங்க வீட்டில அதுவரைக்கும் யாருக்கும் தோணினதில்ல. எனக்கும்தான்.

புசல்லாவ:

விருது விழா நான் பார்க்கிறதில்ல, நேரம் வீண். 2023ல நம்ம பக்கத்துப் பிள்ளை சரிகமப மேடையில பாடினதை மட்டும் பார்த்தேன். அது போட்டி, விருது இல்லன்னு சொல்லி என்னை வெளிய தள்ளிடாதீங்க.

ராகலை:

தள்ள மாட்டோம் தம்பி. என் கதையும் 2023தான். மார்ச் 13, விடியக்காலை. எங்க அப்பாயியோட தம்பி, மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பின சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில போனவர். 1964ல பேப்பர்ல கையெழுத்துப் போட்டாங்க, இவங்க முறை வர எழுபதுகள் ஆகிடுச்சு. ஒப்பாரிக் கோச்சின்னு சொல்ற ரயில்ல ஏறி, தலைமன்னார்ல கப்பல் பிடிச்சு, கடைசியில கூடலூர்ல தமிழ்நாட்டு அரசாங்கத்தோட டான்டீ தேயிலைத் தோட்டம். இங்க கொழுந்து எடுத்தவங்க அங்கயும் கொழுந்துதான் எடுத்தாங்க. ஊர்க்காரங்க இன்னும் அவங்களைச் சிலோன்காரங்கன்னுதான் சொல்றாங்க.

அன்னைக்கு ஏழு மணி வாக்கில கூடலூர்ல இருந்து அவர் மகன், எங்க மாமா, வாட்ஸ்அப்ல கூப்பிட்டார். "எங்க ஊருக்கு ஆஸ்கார் விழுந்திருச்சு பாப்பா!" எனக்கு ஒண்ணும் விளங்கல. பிறகுதான் சொன்னார்: முதுமலையில குட்டி யானையை வளர்த்த பொம்மன், பெள்ளி பத்தின குறும்படம். அவங்க காட்டுநாயக்கர். கூடலூர்ல இருந்து தெப்பக்காடு யானை முகாமுக்கு பஸ்ல போயிடலாம். எடுத்த கார்த்திகி கொன்சால்வஸ் ஊட்டிக்காரங்க. ஊரெல்லாம் நாட்டு நாட்டுன்னு ஆடிக்கிட்டு இருந்த நேரம், மாமாவுக்கு அந்தப் பாட்டு ஒரு பொருட்டே இல்ல.

அப்பாயி அந்தப் படத்தை என் போன்லதான் பார்த்திச்சு. எங்க பக்கம் தேயிலைக்குள்ள சிறுத்தைதான் வரும், யானை பார்க்கணும்னா கண்டிப் பெரஹராதான். அப்பாயி யானையைப் பார்க்கல. பின்னால தெரிஞ்ச மலையைப் பார்த்து, "இங்கதான் தம்பி இருக்கானா, பனி நம்ம ஊர் மாதிரியே இருக்கே"ன்னு விரலை வச்சது. விரல் பட்டு படம் நின்னு போச்சு.

இன்னொண்ணு. மேடையில இயக்குநர் பேசி முடிச்சதும் தயாரிப்பாளர் குனீத் மோங்கா வாயைத் திறக்க முந்தியே மியூசிக்கைப் போட்டு இறக்கிட்டாங்க. அந்த வருசம் பார்த்தவங்க 1 கோடி 87 லட்சம். அவ்வளவு பேர் பார்க்கிற விழாவில அரை நிமிசம் குடுக்க ஏலாதா? அப்பாயிகிட்ட இதைச் சொன்னேன். "கூட்டத்தில பேச எழும்பினா தொரை மணியைப் பார்ப்பான், அந்த மாதிரியா?"ன்னு கேட்டிச்சு.

மஸ்கெலியா:

அக்கா, அப்பாயியை இங்க எழுதச் சொல்லுங்க. ஹட்டன் அண்ணே, அந்த சாலூன் இன்னும் இருக்கா?

ஹட்டன்:

இருக்கு. இப்ப மகன் நடத்துறார். டிவியைக் கண்ணாடிக்கு மேலயே பூட்டியிருக்கார், ஒருத்தரும் திரும்பத் தேவையில்ல. பெஞ்சில இருக்கிறவங்க எல்லாரும் போனைத்தான் பார்க்கிறாங்க, நானும்தான். மச்சான்கிட்ட செருப்புக் கணக்கைச் சொன்னேன். பதினேழு சோடின்னா வெறுங்காலோட வந்த பிள்ளைகளை எண்ணினீங்களான்னு கேட்கிறார்.