மார்ச் 31 இரவு கிளையில் உட்கார்ந்திருப்பது வேலையா?

கீழவாசல்:
வங்கிக் கிளை ஒன்றில் அதிகாரியாக இருக்கிறேன். சேர்ந்து ஆறு வருடம், நிதியாண்டு முடியும் மார்ச் 31-ஐ ஆறு தடவை பார்த்தாகிவிட்டது. போன மார்ச் 31 அன்று நான் வீட்டுக்குக் கிளம்பியபோது மணி 11.40. கேஷ் டேலி ஆகி, கவுண்டர் வேலை மாலை ஆறுக்கே முடிந்துவிட்டது. பிறகு என்ன செய்தோம்? தெரிந்த வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு, "ரெண்டு நாளைக்கு மட்டும் பணத்தை நம்ம கிளையில போட்டு வைங்க சார்" என்று கெஞ்சினோம். ஒரு அரிசி மண்டிக்காரர் இன்னொரு வங்கியிலிருந்து 40 லட்சம் மாற்றினார். ஏப்ரல் 2 காலையில் திருப்பி எடுத்துக்கொண்டார். அவருக்கும் பயனில்லை, எங்களுக்கும் பயனில்லை. டெபாசிட் எண் மட்டும் ஒரு ராத்திரி பெரிதாகத் தெரிந்தது. அன்றைக்கே முடிக்கவேண்டியதை முடித்துவிட்டு ஆறு மணிக்குக் கிளம்பவேண்டும் என்கிறேன். மற்றவர்கள் சொல்லுங்கள்.

பழைய லெட்ஜர்:
அம்மா, நான் 1980-ல் கிளார்க்காகச் சேர்ந்தவன். அப்போது வங்கிகளுக்கு டிசம்பர் 31தான் குளோசிங், அதாவது ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள். ஊர் புத்தாண்டுக்குக் காத்திருக்கும்போது நாங்கள் லெட்ஜரோடு உட்கார்ந்திருப்போம். 1989-ல்தான் மார்ச் 31-க்கு மாறியது. சேமிப்புக் கணக்குகளை எல்லாம் கூட்டிப் பொதுப் பேரேட்டோடு ஒப்பிட்டால் முதல் தடவையில் ஒத்துவந்ததே கிடையாது. ஒரு வருடம் 270 ரூபாய் இடித்தது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார், இது எங்கள் ஹெட் கிளார்க் சொல்லிக்கொடுத்த பாடம். இரவு ஒரு மணிக்கு ஒரு டீச்சரின் கணக்கில் அகப்பட்டது. 4,520 என்று இருக்கவேண்டிய இடத்தில் 4,250. நாங்கள் ஆறு மணிக்குக் கிளம்பியிருந்தால் அந்த அம்மாளின் பணம் குறைந்தபடியே அடுத்த வருடத்துக்குப் போயிருக்கும். கடைசி நாளை லேசாகப் பேசாதீர்கள்.

கீழவாசல்:
ஐயா, நீங்கள் செய்தது உண்மையான வேலை. அதை நான் மறுக்கவே இல்லை. இன்று அந்தக் கூட்டலை கோர் பேங்கிங் என்கிற வங்கி மென்பொருள் செய்கிறது. வட்டி தானாக ஏறுகிறது. கடன் தவணை பாக்கி 90 நாள் தாண்டினால் சிஸ்டமே வாராக்கடன் என்று குறித்துவிடுகிறது. நீங்கள் விழித்திருந்த காரணம் போய்விட்டது, விழித்திருப்பது மட்டும் நிற்கவில்லை.

நாலாம்_காலாண்டு:
நான் கடன் வசூல் பக்கம் இருப்பவன், இதை ஏற்கமாட்டேன். இந்த மார்ச் 31 மாலை ஏழு மணிக்கு ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். தவணை பாக்கி, அன்று விட்டால் 90 நாள் தாண்டிவிடும். பட்டறைக்காரர் மச்சானிடம் கைமாற்று வாங்கி, என் எதிரிலேயே 18,000 ரூபாய் ஜிபே பண்ணினார். கணக்கு வாராக்கடன் ஆகாமல் தப்பியது. வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தால் இது நடந்திருக்குமா?

கீழவாசல்:
நல்ல காரியம் சார். ஆனால் 90 நாள் எந்தத் தேதியிலும் முடியும். இதே பட்டறைக்கு ஜூலை 12 அன்று கெடு முடிந்திருந்தால் ஏழு மணிக்குப் போயிருப்பீர்களா?

நாலாம்_காலாண்டு:
நேர்மையாகச் சொல்கிறேன், போயிருக்கமாட்டேன். அன்றைக்கு யாரும் கேட்கமாட்டார்கள். அதனால்தான் மார்ச் 31 வேண்டும் என்கிறேன்.

கருவூலத்துக்காரி:
அரசு பில்களைச் சரிபார்த்துப் பணம் கொடுக்கும் சார்நிலைக் கருவூலத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் வங்கியை மட்டும் பார்க்கிறீர்கள். எங்களுக்கு மார்ச் 31-க்குள் பாஸ் ஆகாத பில்லுக்கான ஒதுக்கீடு லேப்ஸ், காலாவதி ஆகிவிடும். கடைசியில் வாரிக்கொட்டுவது தப்பு என்று அரசுக்கும் தெரியும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 62(3), அதை நிதி ஒழுங்கு மீறல் என்றே சொல்கிறது. கடைசிக் காலாண்டில் 33 சதவீதம், மார்ச்சில் 15 சதவீதம் என்று செலவுக்கு உச்சவரம்பும் வைத்திருக்கிறார்கள். ஆனால் பில்லைத் தாமதமாக அனுப்பியது அலுவலகம். நான் ஆறு மணிக்கு எழுந்துபோனால் அடி விழுவது பள்ளிக் கழிப்பறைக்குக் கதவு போட்ட தச்சருக்கு. இந்த முறை அப்படி ஒருவர் மதியத்திலிருந்து எங்கள் வராண்டாவில் உட்கார்ந்திருந்தார், கையில் எம்-புக் (செய்த வேலையின் அளவு எழுதும் புத்தகம்) ஜெராக்ஸ். இரவு ஒன்பதே காலுக்கு அவர் பில்லை பாஸ் செய்தேன். அவர் கும்பிட்டபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. அது டிசம்பரிலேயே அவருக்கு வந்திருக்கவேண்டிய பணம்.

கீழவாசல்:
மேடம், அந்த வராண்டா எனக்குத் தோன்றவே இல்லை. 2024-ல் மார்ச் 31 ஞாயிற்றுக்கிழமை. அரசுக் கணக்குப் பார்க்கும் கிளைகள் திறந்திருக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டபோது நான் சலித்துக்கொண்டேன். அந்தச் சலிப்பைத் திரும்பப் பெறுகிறேன். தச்சருக்காக எத்தனை மணி வரைக்கும் வேண்டுமானாலும் உட்காருவேன். மண்டிக்காரரின் 40 லட்சத்துக்காக உட்காரமாட்டேன். அடுத்த முறை போன் போடச் சொன்னால் எழுத்தில் கொடுங்கள் என்று கேட்கப்போகிறேன்.

நாலாம்_காலாண்டு:
எழுத்தில் தரமாட்டார்கள். டிரான்ஸ்ஃபர்தான் வரும். ஜாக்கிரதை.

பழைய லெட்ஜர்:
அந்த மாதிரிப் போன் நானும் போட்டிருக்கிறேன் அம்மா. மேலாளராக இருந்த ஏழு வருடமும் போட்டேன். அது தப்பு. ஆனால் கோர் பேங்கிங் எல்லாவற்றையும் பார்க்கும் என்று சொன்னீர்களே, அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. இன்ன கணக்குக்கு என்று தெரியாமல் திரும்பி வந்த பணத்தையெல்லாம் சண்ட்ரி என்கிற தற்காலிகக் கணக்கில் போட்டுவைப்போமே, அந்தப் பதிவு யாருடைய பணம் என்று மிஷினுக்குத் தெரியாது. ஒரு மனுஷன் வவுச்சரைத் தேடி எடுத்துப் படிக்கவேண்டும். என் காலத்தில் அதைக் கடைசி நாள் இரவில்தான் செய்வோம், அப்போதுதான் கவுண்டரில் கூட்டம் இருக்காது. உங்கள் கிளையில் அதை எப்போது பார்க்கிறீர்கள்?

கீழவாசல்:
இப்போது திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன் ஐயா. 11 பதிவு கிடக்கிறது. ஒன்று 2022-லிருந்து, 6,300 ரூபாய். விவரத்தில் ஒரு ஓய்வூதியர் பெயரும் பாதி கணக்கு எண்ணும் மட்டும் இருக்கிறது. அன்றைய வவுச்சர் கட்டு மேல் ஸ்டோர் ரூமில் இருக்கவேண்டும். நாளைக்குக் காலையில் கிளை திறப்பதற்குள் போய்த் தேடுகிறேன்.