அம்மம்மா சொல்லுற கதைக்கு ஆண்டு போடுறது எப்பிடி?

நல்லூர் பேத்தி:
அம்மம்மாவுக்கு 95 முடிஞ்சிட்டுது. அவ இருக்கேக்கையே அவவின்ர வாழ்க்கையை எழுதி வைக்க வேணும். ஆண்டு ஒண்டும் சொல்லமாட்டா. "கூப்பன் காலம்", "கப்பலில சனம் வந்திறங்கின வருசம்", "புயலுக்கு அடுத்த வருசம்" எண்டுதான் சொல்லுவா. பிறப்புப் பத்திரம் இல்லை. சாதகத்தில பிரமோதூத வருடம், தை மாதம் எண்டு கிடக்குது. தேடினால் 1930 எண்டு வருது. அடையாள அட்டை இலக்கமோ 31இல தொடங்குது. எது சரி?

பனங்கூடல்:
1931 தான் தங்கச்சி. பிரமோதூத 1930 சித்திரையில பிறந்து 1931 பங்குனியோட முடியுது. மார்கழி நடுவுக்குப் பிறகு பிறந்த எல்லாருக்கும் இந்த ஒரு வருசப் பிழை வரும்.
பழைய இலங்கை அடையாள அட்டையில முதல் 2 இலக்கம் ஆண்டு, அடுத்த 3 இலக்கம் வருசத்தில எத்தினையாவது நாள். பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும். 519 எண்டால் 19ஆம் நாள், ஜனவரி 19. பெப்ரவரிக்கு எப்பவும் 29 நாள் கணக்கு. மார்ச்சுக்குப் பிறகு பிறந்தவைக்கு எண்ணேக்க அதைக் கவனியுங்கோ.

வல்லைவெளி:
சம்பவத்தின்ர பேரை மட்டும் நம்பி ஆண்டு போடாதேங்கோ. தெற்கில தமிழருக்கு அடி விழுந்து சனம் கப்பலில வந்தது 1958இலயும் நடந்தது, 1977இலயும் 1983இலயும் நடந்தது. "அப்ப மடியில எந்தப் பிள்ளை?" எண்டு கேளுங்கோ. ஆண்டு மறந்தாலும் தாய்க்கு அது மறக்காது. அந்தப் பிள்ளையின்ர பிறப்புப் பத்திரத்தில ஆண்டு வந்திடும்.
கூப்பனும் அப்பிடித்தான். கூப்பனுக்கு அரிசி குடுத்த பங்கீடு 1942இல தொடங்கி எத்தினையோ வருசம் நீண்டது. கொத்து அரிசி என்ன விலை எண்டு கேளுங்கோ. 70 சதம் எண்டால் 1953, ஹர்த்தால் நடந்த வருசம். அந்த வருசம்தான் 25 சதத்தை 70 சதமாக்கினவை.
புயல் எண்டால் எங்கட யாழ்ப்பாணப் பக்கத்தில 1964 டிசம்பர். 1978இல அடிச்சது மட்டக்களப்பில. யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கினது 1956 ஏப்ரல், சண்டையால யாழ்ப்பாணத்துக்கு வராமல் நிண்டது 1990 ஜூன். கரண்ட் இல்லாமல் ஜாம் போத்தில் விளக்கு கொளுத்தினது, சைக்கிள் டைனமோ சுத்தி ரேடியோ கேட்டது எல்லாம் அதுக்குப் பிறகு.

பனங்கூடல்:
கலியாணத்துக்குச் சீதன உறுதியை (சீதனம் எழுதின பத்திரம்) தேடுங்கோ, திகதி அதில இருக்கும். துலைஞ்சிருந்தால் உறுதி இலக்கமும் அதை எழுதின நொத்தாரிசின்ர பேரும் கொண்டு காணிப் பதிவகத்தில பிரதி கேக்கலாம். ஆனா தாலி கட்டின நாளும் எழுத்து (கலியாணப் பதிவு) எழுதின நாளும் வேற வேறயா இருக்கலாம், ரெண்டையும் குறியுங்கோ.

வல்லைவெளி:
இன்னுமொண்டு. "இடம்பெயர்ந்தது" எண்டு சொன்னால் எந்த இடப்பெயர்வு எண்டு கேளுங்கோ. வலிகாமம் வடக்குச் சனம் 1990இலயே வெளிக்கிட்டது. நாவற்குழிப் பாலத்தால மழைக்குள்ள தென்மராட்சிக்கு நடந்தது 1995 அக்டோபர் 30 இரவு. அந்த இரவைப் பற்றி அவ தானாச் சொன்னால் மட்டும் பதியுங்கோ. காலமை அரை மணித்தியாலம் போதும், போனை அவவின்ர மடிக்குக் கிட்ட வையுங்கோ. இடையில மறிச்சு ஆண்டு கேட்டால் கதை அறுந்து போகும். சந்தேகத்தைக் கொப்பியில குறிச்சு வைச்சு அடுத்த நாள் கேளுங்கோ.